பொறித்த பெயரும் மறைந்த பெயரும்

ஒரு பொருளின்மீது பெயர் பொறிக்கப்பட்டிருப்பின், அப்பெயருக்குரியவனே அதனைச் செய்தவன் என்று கொள்வது மனித இயல்பு. கடிதத்தின் அடியிலுள்ள கையொப்பத்தையும், காசின்மேலுள்ள அரசன் தலையையும், பட்டச் சான்றிதழின் மூலையிலுள்ள முத்திரையையும் உலகம் இவ்வாறே நம்பி நடக்கின்றது. இந்நம்பிக்கை இல்லையேல் கொடுத்தலும் இல்லை; கொள்ளுதலும் இல்லை. ஆனால், பெயருக்குரியவன் ஒருவனும் செய்தவன் வேறொருவனுமாய் இருக்கும்போது நேர்வது யாது? பொய்ம்முத்திரையால் ஏமாந்தவர் யார் என்று கேட்போர் பலர். அதனால் மறைந்துபோனவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. மல்லாவியில் ஒரு வீட்டு வளையில் நெடுங்காலம் தொங்கிக் கிடந்த பழந்துவக்கு ஒன்றின் கதை, இவ்விரண்டாவது கேள்வியை எழுப்புவதாகும்.

மல்லாவி வன்னிப் பெருநிலத்தின் நடுவே, வவுனிக்குளத்து நீர் பாயும் வயல்களுக்கு அண்மையில் அமைந்த ஊர். அங்கே வயலுக்கும் காட்டுக்கும் இடையில் வேலி ஒன்றே எல்லை. அவ்வேலியையும் காட்டுப்பன்றி மதிப்பதில்லை. கதிர் முற்றும் காலத்தில் உழவன் உறங்குவது வீட்டிலன்று, காவற்கொட்டிலிலேயே. ஒரே இரவில் ஓராண்டு உழைப்பு உழுது புரட்டப்பட்டுவிடும் என்ற அச்சத்துடன் விழித்திருப்பவனுக்கு, தீப்பந்தமும் தகரப்பேணியும் முதற்றுணை, துவக்கு இறுதித்துணை. துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து புறப்பட்டுப் பல துறைமுகங்களைக் கடந்து தமிழுக்கு வந்தது. அதன் உறவுச் சொல்லாகிய துவக்கு என்பதே ஈழத்தார் நாவில் நிலைத்தது. குழல்வாய் வழியே மருந்தைக் கொட்டி, தும்பை அடைத்து, ஈயக்குண்டை இட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடப்படும் துவக்கினை வன்னி மக்கள் 'இடியன்' என்று அழைத்தனர். செய்யும் தொழிலையே பெயராகக் கொண்ட நேர்மையான பெயர் அது.

அந்த வீட்டிலிருந்ததும் ஓர் இடியனே. ஆயினும் வீட்டார் அதனை இடியன் என்று சொல்வதில்லை. 'துரையின்ர துவக்கு' என்றே சொல்வர். குதிரை எனப்படும் சுத்தியற்பகுதியின் கீழே, கைவிரல் நீள இரும்புத் தகட்டில் ஒரு முடியும் அதன் அடியில் ஐந்து ஆங்கில எழுத்துக்களும் பொறிக்கப்பட்டிருந்தன. வெள்ளைக்காரத் துரை ஒருவர் யானை வேட்டைக்கு வந்து காட்டில் வழி தவறியதும், பெரியவரின் பாட்டனார் அவரை மூன்று நாள் சோறிட்டுக் காத்து வழிகாட்டி அனுப்பியதும், துரை தம் தோளிலிருந்த துவக்கையே கழற்றிக் கொடுத்துச் சென்றதும் அவ்வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தன. சூடு மிதிக்கும் இரவுகளில் பெரியவர் அக்கதையைச் சொல்லத் தொடங்கினால், கேட்டவர்களே மீண்டும் கேட்பர். கதைக்குச் சான்று என்ன என்று எவரும் வினவியதில்லை. முடியும் எழுத்தும் இரும்பில் இருக்க, வேறு சான்று எதற்கு?

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. பல்லாண்டு காலம் பிரிந்திருந்த உறவினர் கடல்கடந்த நாடுகளிலிருந்து வன்னிக்கு வரத் தொடங்கினர். அவ்வாறு அடுத்த ஆண்டில் வந்தவர்களுள், இலண்டனில் வாழ்ந்த பெரியவரின் மருமகன் ஒருவரும் இருந்தார். பழம்பொருள் சேர்ப்பதில் ஆர்வமுள்ள அவர், வளையில் தொங்கிய துவக்கைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். தகட்டின் துருவைத் துணியால் துடைத்து, 'ரவர்' என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். "மாமா, இது இலண்டன் கோட்டையின்ர முத்திரை. துவக்கை நீங்களே வைச்சிருங்கோ. இந்தத் தகட்டை மட்டும் கழற்றித் தாருங்கோ" என்று கூறி, அவர் சொன்ன தொகை அவ்வீட்டார் ஒரு போகத்தில் காணும் பணத்தினும் பெரிது.

அத்தொகைக்கு அவ்வீட்டில் உடனே ஒரு தேவையும் இருந்தது. பெரியவரின் பேர்த்தி அவ்வாண்டில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி பெற்றிருந்தாள். அக்குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதற் பெண் அவளே. விடுதிச் செலவு, புத்தகச் செலவு, போக்குவரத்துச் செலவு என்று தந்தையார் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த வேளையில், வளையில் தொங்கிய இரும்பு வாய்திறந்து பணம் தருவேன் என்றது போலாயிற்று.

மருமகனின் ஆர்வத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பிரித்தானியப் படைக்குரிய துவக்குகள் ஒரு காலத்தில் இலண்டன் ரவர் கோட்டையின் படைக்கலக் கொட்டடியில் பரிசோதிக்கப்பட்டுப் பொருத்தப்பட்டன. முடியும், மன்னரின் பெயர்க்குறியும், கோபுரம் எனப் பொருள்படும் 'ரவர்' என்னும் சொல்லும் பூட்டுத்தகட்டில் அடிக்கப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பனி தன் துவக்குகளுக்கு முதலில் இதயவடிவான வணிகக் குறியையும், 1808 அளவிலிருந்து முடி தாங்கிய சிங்கத்தையும் பொறித்தது. இக்குறிகள் வெறும் அணியல்ல. இவ்விரும்பு தேர்ந்தது, இக்குழல் வெடிக்காது, இதற்கு ஓர் அரசு பொறுப்பு என்று சொல்லும் வாக்குறுதிகள் அவை. கடல்கடந்து சென்ற துவக்குகளைக் கண்ட மக்கள் அவ்வெழுத்தை வாசிக்க அறியாதிருந்தும் அதன் உருவத்தை நம்பக் கற்றுக்கொண்டனர். உருவத்தை நம்பக் கற்றுக்கொண்ட இடத்திலேதான் பொய்ம்முத்திரைக்கும் வழி பிறக்கின்றது.

பேர்த்தி வாசிக்க அறிந்தவள். மெல்லிய தாளைத் தகட்டின்மேல் விரித்து, பென்சிலைச் சரித்துத் தேய்த்து, முடியும் எழுத்தும் எழும்பிவரப் படியெடுத்தாள். முதல் வகுப்புக்களுக்காக யாழ்ப்பாணம் சென்றபோது அத்தாள் அவளுடைய கொப்பிக்குள் இருந்தது. ஒரு பிற்பகலில், படைக்கல வரலாறு பற்றிய பழைய ஆங்கில நூலொன்றை நூலகத்தில் எடுத்து, அதிலிருந்த ஒளிப்படத்தின் அருகே தன் தாளை வைத்தாள். வைத்த கணத்திலேயே ஏதோ பிழை என்று தெரிந்தது. பிழை எதுவென்று தெரியச் சிறிது நேரம் பிடித்தது. முதல் மூன்று எழுத்துக்களும் செம்மையாக இருந்தன. நான்காம் எழுத்தாகிய 'ஈ'யின் மூன்று கைகளும் வலப்புறம் நீளாது இடப்புறம் நீண்டிருந்தன. ஐந்தாம் எழுத்தாகிய 'ஆர்' முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றது.

இதன் காரணம் எளிதில் விளங்கத்தக்கது. இரும்பில் எழுத்தடிக்கும் அச்சாணியில் எழுத்தை இடம்வலம் மாற்றிச் செதுக்குதல் வேண்டும். அப்போதுதான் அடித்த இடத்தில் நேராக விழும். அவ்வெழுத்தை அறிந்தவன் இதனை மறவான். எழுத்தறியாது வடிவத்தை மட்டும் பார்த்துச் செதுக்கியவனோ, கண்டபடியே ஆணியில் வெட்டுவான். அது இரும்பில் மாறி விழும். 'ரி', 'ஓ', 'டபிள்யூ' என்னும் மூன்றும் கண்ணாடியில் பார்த்தாலும் மாறாத எழுத்துக்கள். ஆதலின் அவை கள்ளத்தைக் காத்தன. 'ஈ'யும் 'ஆரு'ம் காட்டிக்கொடுத்தன. இலண்டன் கோட்டையில் இருந்த எந்தக் கம்மியனும் தன் தாய்மொழி எழுத்தை இவ்வாறு அடித்திருக்க மாட்டான்.

இத்தகைய தடுமாற்றம் உலகில் புதிதன்று. பேஷாவருக்கும் கோகாட்டுக்கும் இடையிலுள்ள தாரா ஆதம் கேல் என்னும் ஊரில், பத்தான் கம்மியர் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தானியத் துவக்குகளைக் கையால் பார்த்துச் செய்து வந்தனர். 1871இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மாட்டினி-ஹென்றித் துவக்கும், பின்னர் வந்த லீ-என்பீல்ட் துவக்கும் எல்லைப்புறப் பட்டறைகளில் மறுபிறப்பெடுத்தன. துவக்கோடு முத்திரையும் பார்த்துச் செய்யப்பட்டது. 'என்பீல்ட்' என்னும் பெயரிலுள்ள 'என்' என்ற எழுத்து பல துவக்குகளில் தலைமாறிக் கிடக்கின்றது. 1901இல் மறைந்த விக்டோரியா அரசியின் பெயர்க்குறிக்குக் கீழ், அவர் மறைந்த பின்னர் வந்த ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. 2001இன் பின்னர் ஆப்கானிஸ்தானத்துக்குச் சென்ற அயல்நாட்டுப் படையினர் பலர், இவற்றைப் பழம்போர்ச் சின்னங்கள் என்று விலைகொடுத்து வாங்கி ஊர்கொண்டு சென்று ஏமாந்தனர்.

இதனைக் கீழைத்தேயத்தாரின் சூழ்ச்சி என்று கொள்வது பிழையாகும். ஆபிரிக்க வணிகத்துக்கென ஐரோப்பாவிலேயே மலிவான துவக்குகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துப் பட்டறைகள், இலண்டன் கோட்டையை அணுகாத துவக்குகளிலும் 'ரவர்' என்ற சொல்லை அடித்து அனுப்பின. அவர்கள் எழுத்தறிந்தவர்கள், ஆதலின் அவர்களுடைய 'ஈ' நேராக நின்றது. எழுத்தறியாதவனின் பொய் எளிதில் அகப்பட்டது. எழுத்தறிந்தவனின் பொய் கப்பலேறிச் சென்றது. வேறுபாடு அவ்வளவே.

இப்பொய்யில் ஒரு கொடுமையும் உண்டு. அதனை மறைத்தல் ஆகாது. இலண்டன் துவக்குக் கம்மியர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பேர்மிங்ஹாம் நகரில் 1813இல் சட்டத்தின்வழிச் சோதனைமனை நிறுவப்பட்டது. வழக்கத்தினும் மிகுந்த மருந்தை இட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டுமே அங்கே குறி அடித்தனர். அக்குறியைப் பொய்யாக அடித்தவன் வாங்கியவனின் பணத்தை மட்டுமன்றி அவன் கையையும் கண்ணையும் பணயம் வைத்தான். நலிந்த குழல் வெடித்தால், அதன்மேலிருக்கும் முடி எவரையும் காவாது. பொய்ம்முத்திரை கம்மியனின் கைத்திறனுக்குச் சான்று என்று பாராட்டுவோர் இதனையும் உடன்வைத்து எண்ணுதல் கடன்.

பேர்த்தி அடுத்த விடுமுறையில் ஊர் திரும்பினாள். மருமகனும் இலண்டன் மீளுமுன் தகட்டைப் பெற்றுச்செல்ல வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றிரவு முற்றத்தில் அவள் தாளை விரித்துக் காட்டினாள்.

"அப்பு, இது துரையின்ர துவக்கு இல்லை."

"ஆர் சொன்னது?"

"எழுத்துச் சொல்லுது."

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இவ்வளவு காலமும் பண்டி செத்தது ஆற்றை துவக்காலை?" என்று கேட்டார். அவள் சிரித்தாள்; அவர் சிரிக்கவில்லை. பாட்டனாரின் மூன்று நாட் சோறும், காட்டுவழியும், துரையின் நன்றியும் ஒரு நொடியில் கையைவிட்டுப் போன துயரம் அவர் முகத்தில் இருந்தது.

தந்தையார் வேறுவிதமாக எண்ணினார். "அவன் கேட்டவனே? பார்த்துத்தானே வாங்குறான். கேளாததை நாங்கள் ஏன் சொல்லுவான்?" என்றார். பேராசையால் எழுந்த பேச்சன்று அது. மகளின் படிப்புக்காக எழுந்த பேச்சு. அதனாலேயே அதற்கு மறுமொழி கூறுதல் எளிதாயிருக்கவில்லை. அவளும் பேசாதிருந்தாள். தான் கண்டறிந்த உண்மையே தன் படிப்புக்கு இடையூறாக வந்து நிற்கும் என்று நூலகத்தில் இருந்தபோது அவள் எண்ணியிருக்கவில்லை.

பெரியவர் எழுந்து விளக்கைத் தூண்டினார். துவக்கை வளையிலிருந்து இறக்கச் சொன்னார். தகட்டைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளும் எண்ணெய் இட்டபின் இளகின. பூட்டு முழுவதும் கையோடு வந்தது. எந்நாளும் மரத்துக்குள் மறைந்திருந்த அதன் உட்புறத்தில், கரிபடிந்த மருந்துப் பசையைத் துடைத்தபோது, உளியால் கீறிய ஒற்றை எழுத்தொன்று தெரிந்தது. தமிழ் 'வே'. அதன் கொம்பு எங்கும் மாறவில்லை. அதனை எழுதியவன் கை நடுங்கவுமில்லை.

ஐரோப்பியத் துவக்குகளிலும் குழல் செய்தவனின் எழுத்து பெரும்பாலும் மரத்துக்குள் மறையும் அடிப்பக்கத்திலேயே இருக்கும். வெளியே நிறுவனத்தின் பெயர். உள்ளே உழைத்தவனின் குறி. இது எங்குமுள்ள வழக்கம். ஆனால் அங்கே வெளிப்பெயரும் உட்பெயரும் ஒரே மொழியின. இங்கே வெளியே இருந்தது அறியாத மொழியின் தடுமாறிய எழுத்து. உள்ளே இருந்தது அறிந்த மொழியின் திடமான எழுத்து. அந்த 'வே' வேலாயுதனோ, வேலனோ, வேலுப்பிள்ளையோ. அன்றி, தொழில் தொடங்குமுன் கம்மியன் வணங்கிய வேலின் முதலெழுத்தோ. தம் சிறுவயதில் ஊர்க் கொல்லர் ஒருவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அத்துவக்கைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது பெரியவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அது ஏன் என்று அக்காலத்தில் எவரும் அவரைக் கேட்கவில்லை. துரையின் கதை இருந்த வீட்டில் கொல்லரின் கதைக்கு இடம் இருக்கவில்லை.

தன் பெயரை வெளியே அடித்திருந்தால் அத்துவக்கை எவரும் வாங்கியிரார் என்பதனை அக்கம்மியன் அறிந்திருத்தல் வேண்டும். ஊர்க் கொல்லனிடம் கத்தியும் கோடரியும் கலப்பைக் கொழுவும் வாங்குவர். துவக்கு என்றால் முடியும் எழுத்தும் வேண்டுவர். வாங்குவோரின் மதிப்பு எங்கே இருந்ததோ அங்கே அவனது ஆணியும் சென்றது. ஆளுவோர் வேறாயிருப்பின் முத்திரையும் வேறாகும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. 1799இல் வீழ்ந்த திப்பு சுல்தானின் பட்டறைகளில் ஐரோப்பிய முறைத் துவக்குகள் செய்யப்பட்டன. எனினும் அவற்றில் புலியுருவமும் அவனது அரசின் குறிகளுமே விளங்கின. நேபாளத்தில், மாட்டினி-ஹென்றியைப் போன்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட ககேந்திரத் துவக்குகள் தேவநாகரி எழுத்தையே தாங்கி நின்றன. பிறர் கலையைக் கற்றுத் தம் பெயரால் வெளியிட அவர்களுக்கு அரசு இருந்தது. மல்லாவித் துவக்கைச் செய்தவனுக்கு இருந்தது ஓர் உலையும் ஒரு பட்டடையுமே.

அன்றிரவு பெரியவர் சொன்னது இது: "எழுத்துத் தெரியாத ஒருத்தன் பொய் எழுதினான். அது வயித்துப்பாட்டுக்கு. எழுத்துத் தெரிஞ்ச பிள்ளை அதை வித்தால், அதுக்கு என்ன பேர்?"

தந்தையார் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

மருமகன் வந்தபோது அவளே தாளையும் நூலிலிருந்து எடுத்த படத்தின் பிரதியையும் அருகருகே வைத்துக் காட்டினாள். அவர் நல்லவர், சினக்கவில்லை. "அப்ப இது போலி" என்று மட்டும் கூறித் தேநீரைக் குடித்தார். உட்புறத்தைத் திருப்பி 'வே' என்னும் எழுத்தைக் காட்டியபோது, அதனைப் பார்த்துத் தலையசைத்து, கைக்கடிகாரத்தையும் பார்த்தார். உண்மையான பெயர் கண்டெடுக்கப்பட்ட அதே வேளையில் பொருளின் விலை இல்லாதொழிந்தது. அவள் படிப்புக்கு அவ்வாண்டில் ஒரு சோடி எருமை விலைப்பட்டது.

2008ஆம் ஆண்டில் போர் மல்லாவியை நெருங்கியபோது ஊர் முழுவதும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டிகளில் நெல்லும் பாயும் கதவு நிலைகளும் ஏறின, துவக்கு ஏறவில்லை. அது எங்கே போயிற்று என்பதனைக் கேட்கும் நிலையில் எவரும் இருக்கவில்லை. இடம்பெயர்ந்த பெரியவர் ஊர் திரும்பவும் இல்லை. எஞ்சியவர் மீண்டு வந்தபோது வீடு இருந்த இடத்தில் அடித்தளம் இருந்தது, வளை இருக்கவில்லை. பேர்த்தியின் கொப்பிக்குள் இரண்டு தாள்கள் மட்டும் எஞ்சின. ஒன்றில் முடியும் தடுமாறிய ஐந்தெழுத்தும். மற்றதில் பென்சிற் கருமையின் நடுவே வெண்மையாய் எழும்பிய ஒற்றை 'வே'.

கல்விக்கூடங்களில் அவ்விரு தாள்களும் அருகருகே வைத்துப் பார்க்கத்தக்கவை. அயலார் பெயர் ஒட்டியிருந்தாலன்றித் தன்னவரின் ஆக்கத்தை ஏற்காத மனம், கொல்லனைப் பொய்யனாக்கிய அதே மனமாகும். மேற்கோள் இன்றித் தன் கருத்தைச் சொல்ல அஞ்சும் மாணவனும், வெளியூர்ப் பெயர் கேட்டால்மட்டும் எழுந்து நிற்கும் அவையும் அம்மனத்தினின்று வெகுதூரம் விலகியவர்களல்லர். பொய்ம்முத்திரையைக் கண்டுபிடித்தல் அறிஞர் தொழில்; அது வேண்டியதே. ஆனால், 'போலி' என்று கூறிப் பொருளை மேசையில் வைத்துவிடும் இடத்தில் ஆராய்ச்சி முடிந்துவிடலாகாது. இரண்டு திருகாணிகளைக் கழற்றி உட்புறத்தையும் பார்த்தல் வேண்டும். அங்கே ஒருவன் தன் பெயரைத் தன் மொழியில், எவரும் காணார் என்று தெரிந்தும், பிழையின்றி எழுதி வைத்திருக்கக்கூடும்.